கருகிய கஞ்சியும் கேட்கப்பட்ட நன்றியும்: 'ஜேன் அயர்' - ஒரு மறுவாசிப்பு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். நேரமின்மையால் மேடையில் விடுபட்ட சில பகுதிகள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஐயா முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடுதிக் காப்பாளராக இருந்தவர். அவரைப் பற்றி எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய மாணவர்கள் யார் அவரைப் பார்க்கப் போனாலும் இரண்டு கேள்விதான் கேட்பார். "சாப்பிட்டியா?" "என்ன படிக்கிற?" என்னுடைய இன்றைய பேச்சும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

போன ஆண்டு ஒரு கல்லூரி மாணவியர் விடுதிக்கு, வாசிப்பு வட்டம் தொடங்கும் வேலையாகப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்து கிளம்பும்போது முதலாண்டு படிக்கும் ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முந்தைய வாரம் சாம்பாரில் புழு கிடந்திருக்கிறது. தட்டோடு எடுத்துக்கொண்டு போய் வார்டனிடம் காட்டியிருக்கிறாள். "ஓசிச் சோறு தின்னுக்கிட்டு இவ்வளவு வாயா? அரசாங்கம் போடுதேங்கிற நன்றி வேணாம்?" என்று பதில் வந்திருக்கிறது. அவள் என்னிடம் புழுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, நான் நன்றி கெட்டவளா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது ஒரு நாவல். அதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

தலித் இலக்கிய மேடையில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் மகள் எழுதிய நாவல் எதற்கு என்று, அழைப்பிதழைப் பார்த்த தோழர் ஒருவர் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். பேச்சு முடிவதற்குள் பதில் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன்.

எண்பது பெண்கள், ஒரு பானைக் கஞ்சி

சார்லட் பிரான்டே எழுதிய 'ஜேன் அயர்' 1847-இல், கரர் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்தது. இளங்கலை முதலாண்டில் ஆங்கிலத் தாளுக்கு நான்-டீடெய்லாக எனக்கு அது வாய்த்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதியில் வளர்ந்தவள் நான். அரசுக் கோப்பில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது எஸ்.சி. ஹாஸ்டல். வகுப்பில் பேராசிரியை லோவுட் பள்ளிக் காட்சியை வாசித்தபோது, மற்ற மாணவிகள் பாவம் பாவம் என்றார்கள். விடுதியிலிருந்து வந்திருந்த நாங்கள் நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். கருகிய கஞ்சியின் நாற்றம் எங்களுக்கு இங்கிலீஷில் இருந்தாலும் புரிந்தது.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேன் பெற்றோரை இழந்த பத்து வயதுச் சிறுமி. தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமன் இறந்துவிட்டார், அத்தைக்கு அவளைப் பிடிக்கவில்லை. அந்த வீட்டுப் பையன் அவளை அடிக்கிறான். திருப்பி அடித்ததற்காக அவளை ஓர் அறையில் அடைக்கிறார்கள். பிறகு லோவுட் என்ற விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஆறு ஆண்டு மாணவியாகவும் இரண்டு ஆண்டு ஆசிரியையாகவும் இருக்கிறாள். பின்னர் ஒரு பெரிய மாளிகையில் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் வேலைக்குப் போகிறாள். அந்த வீட்டு எசமானரோடு காதல், திருமண நாளில் தெரியவரும் அவருடைய முதல் மனைவி, பிரிவு, கடைசியில் மீண்டும் சேர்தல். சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் இந்தப் பின்பாதியைத்தான். நான் நிற்பது லோவுட்டில்.

லோவுட் முழுக்கக் கற்பனை இல்லை. 1824-இல் லங்காஷயரில் கவன் பிரிட்ஜ் என்ற இடத்தில், வசதியில்லாத பாதிரிமார்களின் மகள்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. நடத்தியவர் கேரஸ் வில்சன் என்ற மதகுரு. அந்த ஆண்டே பிரான்டே குடும்பத்தின் நான்கு பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். சார்லட்டுக்கு அப்போது எட்டு வயது. மூத்த அக்கா மரியா காசநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு 1825 மே மாதம் இறந்தாள். அடுத்த அக்கா எலிசபெத் ஜூனில் இறந்தாள். ஒருத்திக்குப் பதினொரு வயது, இன்னொருத்திக்குப் பத்து. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து சார்லட் அதை நாவலாக எழுதினார். எழுதியவர் யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வெளியே தெரிந்தபின், 1857-இல் எலிசபெத் கேஸ்கல் எழுதிய வாழ்க்கை வரலாறும் வந்தது. அப்போது பள்ளியின் தரப்பினர் அதெல்லாம் மிகை என்று மறுத்தார்கள். பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதம் நடந்தது. விடுதிச் சோற்றைப் பற்றி ஒரு பெண் எழுதினால் என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும். முதலில் வரும் பதில் 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்பது. அடுத்தது 'இவ்வளவு செய்தும் இப்படி எழுதுகிறாளே' என்பது.

லோவுட்டில் எண்பது பெண்கள். ஒவ்வொருத்திக்கும் உறவினர்கள் ஆண்டுக்குப் பதினைந்து பவுண்டு கட்டுகிறார்கள். அது போதாமல், மீதியைச் சீமான்களும் சீமாட்டிகளும் நன்கொடையாகத் தருகிறார்கள். ஆகவே அங்கே படிப்பவர்களுக்குத் தருமக் குழந்தைகள் என்று பெயர். கட்டணம் கட்டினாலும் தருமம்தான். இதைப் புதிதாக வந்த ஜேனுக்கு ஹெலன் பர்ன்ஸ் என்ற மூத்த மாணவி விளக்கும் இடம் முக்கியமானது. நீ எங்கே வந்திருக்கிறாய், உன் தகுதி என்ன என்பதை, வந்த முதல் நாளே இன்னொரு பிள்ளையின் வாயால் அறிந்துகொள்கிறாள்.

முதல் நாள் காலைக் கஞ்சி கருகிவிடுகிறது. யாராலும் தின்ன முடியவில்லை. தலைமை ஆசிரியை மிஸ் டெம்பிள் தன் பொறுப்பில் எல்லோருக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுக்கச் சொல்கிறார். பின்பு பள்ளியின் பொருளாளர் பிராக்கிள்ஹர்ஸ்ட் வந்து அதற்காக அவரைக் கண்டிக்கிறார். அந்தப் பெண்களுக்குப் பொறுமையும் தன்னடக்கமும் கற்றுக்கொள்ள ஆண்டவன் கொடுத்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டீர்கள், அவர்களின் உடம்புக்குத் தீனி போட்டு ஆன்மாவைப் பட்டினி போடுகிறீர்கள் என்பது அவருடைய வாதம். சோற்றில் குறை வைத்துவிட்டு, குறையையே பாடமாக்குகிற தந்திரம் இது. 'கஷ்டம் தெரிஞ்சு வளரணும்' என்று நம் விடுதிகளில் சொல்வதும் இதே பாடம்தான்.

அடுத்தது முடி. ஜூலியா செவர்ன் என்ற பெண்ணுக்கு இயற்கையிலேயே சுருட்டை முடி. அதைக் கண்டதும் பிராக்கிள்ஹர்ஸ்ட் கொதித்துப்போய், முடியை ஒட்ட வெட்டச் சொல்கிறார். அது இயற்கையாகவே அப்படித்தான் என்று மிஸ் டெம்பிள் சொல்லிப் பார்க்கிறார், எடுபடவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவியும் மகள்களும் வெல்வெட்டும் பட்டும் ரோம உடைகளும் அணிந்து உள்ளே வருகிறார்கள். மனைவியின் தலையில் இருப்பது சுருட்டையான பொய்முடி. சார்லட் இதற்கு விளக்கமெல்லாம் எழுதவில்லை. இரண்டு தலைகளையும் ஒரே அறையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சமூகவியல் படிக்கும்போது எர்விங் கோஃப்மன் 1961-இல் எழுதிய புத்தகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. சிறை, மனநல விடுதி, படை முகாம், மடம், விடுதிப் பள்ளி ஆகியவற்றை அவர் ஒரே வகையில் வைப்பார். உண்பது, உறங்குவது, உழைப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடங்கள். உள்ளே வருபவரிடமிருந்து பழைய அடையாளங்களைக் கழற்றுவதுதான் முதல் சடங்கு: முடி, உடை, சொந்தப் பொருள். இது உண்மை. ஆனால் நம் விடுதிகளைப் பற்றி யோசித்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. எங்களிடமிருந்து எல்லாவற்றையும் கழற்றினார்கள், சாதியை மட்டும் கழற்றவில்லை. அது வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது.

பசி என்ன செய்யும் என்பதை இந்த நாவல் காட்டுமிடம் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. குளிர்காலத்தில் கணப்பைச் சுற்றிப் பெரிய பெண்கள் இரண்டு வரிசையாக நின்றுகொள்வார்கள். சின்னவர்கள் பின்னால் நடுங்குவார்கள். பெரியவர்கள் கெஞ்சியும் மிரட்டியும் சின்னவர்களின் ரொட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஜேன் பல நாள் தன் துண்டை இருவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு, காபியிலும் பாதியை மூன்றாவது பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு அழுகிறாள். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முட்டையை எடுத்துத் தின்றிருக்கிறேன். அதிகாரி ஆய்வுக்கு வந்த நாள் அது. அன்றைக்குத்தான் முட்டை போடுவார்கள். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கெட்ட நிறுவனம் தன் கொடுமையைப் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைக்கும். பிறகு, 'இதுங்களே அடிச்சுக்குதுங்க' என்று சொல்லும்.

பொறுமை, கருணை, கோபம்

லோவுட்டில் இந்த நிலைமைக்கு மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன.

ஹெலன் பர்ன்ஸின் பதில் பொறுமை. தண்ணீர் உறைந்து கிடந்ததால் நகத்தைக் கழுவ முடியவில்லை. அதற்காக அவளைப் பிரம்பால் அடிக்கிறார்கள். அவள் வாய் திறப்பதில்லை. விரோதிகளையும் நேசிக்க வேண்டும், இந்த உலகம் முடிந்தபின் வேறொன்று இருக்கிறது என்கிறாள். அவள் கோழை இல்லை. ஜேனைப் பொய்க்காரி என்று சொல்லி முக்காலியில் நிற்க வைத்து, யாரும் அவளோடு பேசக்கூடாது என்று கட்டளையிட்டபோது, அவளைக் கடந்துபோகும் சாக்கில் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தவள் ஹெலன் மட்டும்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரு பட்டாளத்தின் பலம் உண்டு. ஆனால் அவள் பொறுமையால் லோவுட்டில் ஒரு ரொட்டித் துண்டுகூடக் கூடவில்லை. காசநோயில், ஜேனின் அணைப்பில் தூங்கியபடியே இறந்துபோகிறாள்.

மிஸ் டெம்பிளின் பதில் கருணை. நல்ல மனுஷி. தன் அறைக்கு இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தேநீரும் கேக்கும் கொடுக்கிறார். நம் விடுதிகளிலும் ஒரு மிஸ் டெம்பிள் எப்போதும் இருந்திருக்கிறார். அடிச்சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்து ராத்திரி கொடுத்த சமையல் அக்கா, சொந்தக் காசில் நாப்கின் வாங்கித் தந்த டீச்சர், இன்று நாம் நினைவுகூரும் ஐயா. இவர்கள் இல்லையென்றால் நம்மில் பலர் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் மிஸ் டெம்பிள் கல்யாணமாகிப் போன அன்றைக்கே ஜேனுக்கு லோவுட் வெறும் சுவர்களாகத் தெரிகிறது. நல்லவர் மாற்றலாகிப் போனால் கூடவே போய்விடும் நன்மையை நம்பி ஒரு தலைமுறையை வளர்க்க முடியாது. ஐயாவே இதை நம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்: "நான் நல்லவனா இருக்கிறதால உனக்குச் சோறு கிடைக்கக் கூடாது."

ஜேனின் பதில் கோபம். காரணமில்லாமல் அடிப்பவர்களைத் திருப்பி அடிக்க வேண்டும், இனி அவர்கள் அடிக்கவே நினைக்காத அளவுக்குப் பலமாக அடிக்க வேண்டும் என்று ஹெலனிடம் வாதிடுகிறாள். பத்து வயதுப் பிள்ளை. அந்தக் காலத்தில் இதை வாசித்த சில விமர்சகர்கள் நாவலை நன்றியற்ற நூல் என்றும் மதவிரோதம் என்றும் சாடினார்கள். நன்றி என்ற சொல் அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

இந்த மூன்று பதில்களில் லோவுட்டை மாற்றியது எது? வருத்தம் என்னவென்றால், மூன்றும் இல்லை. வசந்தகாலத்தில் டைபஸ் காய்ச்சல் வருகிறது. அரைப்பட்டினியாலும் கவனிக்காத சளியாலும் நலிந்த உடம்புகள். எண்பதில் நாற்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் படுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் நோய் தொற்றாத பிள்ளைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கிடைக்கிறது, ஏனென்றால் சாப்பிட ஆள் குறைந்துவிட்டது. சாவு எண்ணிக்கை வெளியே தெரிந்து, ஊர் கொதித்து, விசாரணை நடந்து, பணக்காரர்கள் பணம் போட்டுப் புதுக் கட்டடம் வருகிறது. உணவும் உடையும் திருந்துகின்றன. ஆனால் பணமும் குடும்பச் செல்வாக்கும் இருந்ததால் பிராக்கிள்ஹர்ஸ்ட் பொருளாளராகவே தொடர்கிறார். கூட ஒரு குழு போட்டார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் செத்தபின் விசாரணைக் குழு, புதுக் கட்டடம், பதவியில் அதே ஆள். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சுருக்கப் பதிப்பில் இல்லாத சொல்

இதுவரை சொன்னதெல்லாம் நான் கல்லூரியில் வாசித்த சுருக்கப் பதிப்பிலேயே ஏறக்குறைய இருந்தது. முதுகலை முடித்த பிறகு, பழைய புத்தகக் கடையில் முழு நாவலும் கிடைத்தது. மூன்றாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அப்புறம் அன்று மேலே வாசிக்க முடியவில்லை.

அத்தை வீட்டில் அடைபட்டு மயங்கிவிழுந்த ஜேனைப் பார்க்க மருந்துக்காரர் லாய்ட் வருகிறார். உனக்கு அப்பா வழியில் உறவினர் இருந்தால், அவர்கள் ஏழைகளாக இருந்தாலும், அங்கே போகிறாயா என்று கேட்கிறார். ஜேன் யோசிக்கிறாள். குடிசை வாசலில் துணி துவைத்துக்கொண்டும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் இருக்கும் ஏழைப் பெண்கள் அவள் கண்முன் வருகிறார்கள். அவர்களைப் போலப் பேசவும் நடந்துகொள்ளவும் வேண்டியிருக்கும், படிப்பில்லாமல் போகும் என்று நினைக்கிறாள். வேண்டாம் என்கிறாள். சாதியை விலையாகக் கொடுத்து விடுதலையை வாங்கும் அளவுக்குத் தனக்குத் துணிச்சல் இருக்கவில்லை என்று பின்னாளில் அதை எழுதும் ஜேன் ஒப்புக்கொள்கிறாள். அங்கே இருக்கும் ஆங்கிலச் சொல் 'காஸ்ட்'. நம்முடைய அதே 'காஸ்ட்'.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே வாசித்தேன். நடுவில் மறுபடி வருகிறது. எசமானர் மீது தனக்கு ஆசை வருவதை உணர்ந்த ஜேன், அவர் உன் வரிசை இல்லை, உன் சாதியோடு நின்றுகொள் என்று தனக்குத்தானே புத்தி சொல்லிக்கொள்கிறாள். கடைசிப் பக்கத்தில் திரும்பவும் வருகிறது. ஜேனைக் கல்யாணம் செய்து இந்தியாவுக்கு ஊழியம் செய்யக் கூட்டிப்போக விரும்பிய பாதிரி செயின்ட் ஜான் ரிவர்ஸ், தனியாகவே இந்தியாவுக்குப் போய், மதத்தின் சாதியின் தப்பெண்ணங்களை ராட்சசனைப் போல வெட்டி வீழ்த்திக்கொண்டிருக்கிறார் என்று ஜேன் பெருமையோடு எழுதுகிறாள்.

மூன்று இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுமியாக, சாதியை இழக்கப் பயப்படுகிறாள். வேலைக்காரியாக, சாதியை மீறக்கூடாது என்று தன்னை அடக்குகிறாள். சொத்தும் குடும்பமும் வாய்த்தபின், சாதி என்பது எங்கோ இந்தியாவில் வெட்டப்பட வேண்டிய காடு.

இது உருவகம்தானே, அங்கே அந்தஸ்து என்ற பொருளில்தானே வருகிறது என்று ஒருவர் கேட்கலாம். ஆமாம், உருவகம்தான். போர்த்துகீசியர் 'காஸ்தா' என்ற தங்கள் சொல்லை இந்தியச் சமூகத்துக்குப் பயன்படுத்தினார்கள். அது ஆங்கிலத்துக்குப் போனது. காலனி ஆட்சியின் வழியாக 'சாதி இழப்பது' என்பது லண்டன் வீடுகளிலும் புழங்கும் பேச்சானது. ஆனால் அந்த உருவகம் அங்கே எடுபட என்ன வேண்டும்? கீழே சிலர் இருக்க வேண்டும். தான் படும் அடியை அடிமையின் அடியோடு ஒப்பிட்டுக் கோபப்படத் தெரிந்த ஜேனுக்கு, குடிசை வாசலில் துணி துவைக்கும் பெண் மட்டும் விடுதலையின் உருவமாகத் தெரியவில்லை. விழுந்துவிடக்கூடிய பள்ளமாகத் தெரிகிறாள்.

என் அம்மா பண்ணை வீட்டுக்குத் துணி துவைத்தவர். அந்தப் பக்கத்தில் நான் நின்றுவிட்டது அதனால்தான். அதுவரை நான் ஜேனாக இருந்து வாசித்தேன். அந்த வரியில் நாவல் என்னைத் திரும்பிப் பார்த்து, 'நீ நான் இல்லை, நீ அந்த வாசலில் இருப்பவளின் மகள்' என்று சொல்லிவிட்டது.

மாடியில் அடைத்துவைக்கப்பட்ட, ஜமைக்காவிலிருந்து வந்த முதல் மனைவி பெர்த்தாவின் பக்கம் நின்று 1966-இல் ஜீன் ரீஸ் ஒரு நாவலே எழுதினார். காயத்ரி ஸ்பிவாக் 1985-இல் எழுதிய கட்டுரை, ஜேனின் சுதந்திரம் எந்தப் பேரரசின் மேல் எழுந்தது என்று கேட்டது. இவை பெரிய வாசிப்புகள். நாம் அவற்றோடு இன்னொரு கேள்வியைச் சேர்க்க வேண்டும். குடிசை வாசல் பெண்ணுக்கு லோவுட்டில் இடம் இருந்ததா? இல்லை. அது கௌரவம் குறைந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கான தருமம். அவளுடைய மகள்களுக்கு ஜேனே பின்னால் மார்ட்டன் கிராமத்தில் பாடம் சொல்லித்தருகிறாள். அந்த வேலையால் தான் ஒரு படி இறங்கிவிட்டதாக முதல் நாள் மாலை நொந்துகொள்கிறாள். பிறகு அப்படி நினைத்ததற்குத் தன்னையே கண்டித்துக்கொள்கிறாள். இவர்களும் நல்ல ரத்தமும் சதையும் உள்ளவர்கள்தான் என்று தனக்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சார்லட் பிரான்டே இதை ஒளிக்கவில்லை. அந்த நேர்மைக்காகத்தான் நான் இந்த நாவலைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

நம்முடைய பள்ளிகள்

'ஜேன் அயர்' வெளிவந்த அடுத்த ஆண்டு, 1848-இல், புனேயில் ஜோதிராவ் புலேவும் சாவித்ரிபாய் புலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். சாவித்ரிபாய் தெருவில் நடந்து போகும்போது சாணி எறிந்தார்கள். சார்லட் பிரான்டே 1855 மார்ச்சில் இறந்தார். அதே 1855-இல், புலே பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வந்தது. மாங்குகள், மகார்களின் துயரம் பற்றிய கட்டுரை. தலைக்கு மேல் கூரையில்லாமல் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களைப் பற்றி அவள் எழுதினாள். இங்கிலாந்து நாவல் எட்டிப் பார்த்து விலகிக்கொண்ட அந்தக் குடிசை வாசலிலிருந்து, நம் நாட்டில் ஒரு பெண்குழந்தை தானே எழுத வந்துவிட்டாள். ஜேன் 'நான்' என்று எழுதுகிறாள். முக்தா 'நாங்கள்' என்று எழுதினாள்.

தமிழ்நாட்டில் இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைச் சொல்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று பிள்ளைகளோடு சேராமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது உங்களுக்குத் தெரியும்: தனியாக ஒரு கோணிச் சாக்கு; பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். இவர்கள் வளர்ந்தபின் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அம்பேத்கர் 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. கவன் பிரிட்ஜில் பிரான்டே சகோதரிகள் இறந்து சரியாக நூறு ஆண்டு. 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றதும் அம்பேத்கர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு அரசிடம் மனு கொடுத்தது. 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை வந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, நம் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு வளர்ப்பது அரசின் கடமை என்றது.

இதுதான் நான் வந்து சேர விரும்பிய இடம். லோவுட்டைக் கட்டியது தருமம். நம் விடுதிகளைக் கட்டியது கோரிக்கை. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடமில்லை அது. நம் ஆட்கள் கேட்டு, எழுதி, சட்டசபையில் பேசி, அடிபட்டு வாங்கிய இடம். ஆனால் நடத்தும் விதத்தில் அதை மறுபடி லோவுட்டாக மாற்றிவிட்டார்கள். நன்கொடை நோட்டுப் புத்தகம் கொடுக்க வருபவர் முன்னால் வரிசையில் நின்று 'நன்றி ஐயா' என்று ஒரே குரலில் சொல்லப் பழக்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. அந்தக் குரல் தொண்டையை விட்டுப் போக வெகுநாள் ஆகிறது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது, விடுதியில் சேரிப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்த கண்களை அவர் எழுதியிருந்தார். அதை வாசித்த நாளில்தான், இது என் ஒருத்தியின் அவமானம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஜேனுக்குக் கடைசியில் மதீராவில் இருந்த சித்தப்பாவின் சொத்து இருபதாயிரம் பவுண்டு வருகிறது. நமக்கு மதீராவில் சித்தப்பா இல்லை. நமக்கு வந்திருக்கும் பூர்வீகச் சொத்து சோலாப்பூரும் சிதம்பரமும்தான். ஜேன் தன் சொத்தை நான்காகப் பங்கிட்டு உறவுகளுக்குக் கொடுத்தாள். நாமும் நம்முடையதைப் பங்கிட்டாக வேண்டும். வேலை கிடைத்ததும் விடுதி இருந்த தெருப்பக்கமே போகாதவர்களாக நம்மில் பலர் ஆகிவிட்டோம். ஜேனுக்கு இருந்த பயம் நமக்கும் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வோம். அந்த வாசலில் இருக்கும் பெண்ணோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு எல்லா நல விடுதிகளும் இனி 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கப்படும் என்று அறிவித்தது. வாசல் பலகையிலிருந்து சாதி இறங்கியது நல்லது, நான் வரவேற்கிறேன். ஆனால் நீதி என்று எழுதிய பலகையின் கீழே தருமத்தின் பேச்சு நடக்கக்கூடாது. ஆகவே நம் அமைப்பின் ஒவ்வொரு கிளையும் பக்கத்து விடுதியோடு தொடர்பு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒருநாள் போங்கள், ஆய்வு நாள் அல்லாத நாளில் போங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுங்கள். உணவுப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா, உணவுக் குழுவில் மாணவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களை எழுதச் சொல்லுங்கள். சாவு எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். இந்த நாவலை, இன்று உங்களிடம் சொன்னதுபோல, அவளுக்குச் சொன்னேன். குடிசை வாசல் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தம்மாவுக்கு நாவல்ல பேரு இருக்கா அக்கா?" இல்லை என்றேன்.

ஹெலன் பர்ன்ஸின் கல்லறையில் பதினைந்து ஆண்டுகள் கல் இல்லை. புல் மூடிய மேடுதான். பிறகு அவள் பெயரும், 'மீண்டும் எழுவேன்' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லும் பொறித்த சாம்பல்நிறப் பளிங்கு வைக்கப்பட்டதாக நாவல் சொல்கிறது. நினைவுச் சொற்பொழிவு என்பதும் ஒருவகைக் கல்தான். ஐயாவுக்குக் கல் மட்டும் போதாது.

அந்த விடுதி மாணவிகள் முப்பத்தொரு பேர் சேர்ந்து, உணவு பற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். முதல் படியை எனக்குக் காட்டினாள். வழக்கமான மனுதான். கடைசி வரியில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே பேனாவை எடுத்து முதல் சொல்லை அடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதையும் அடித்துவிட்டு, 'கேட்கிறோம்' என்று எழுதினாள்.

அந்த மனுவின் நகல் என் பையில் இருக்கிறது. பழைய விடுதி மாணவர்களும் ஆதரவுக் கையெழுத்துப் போடலாம் என்று கீழே இடம் விட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன். எந்த ஆண்டு, எந்த ஊர் விடுதி என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஜெய்பீம்.